தங்கள் கருத்து கிடைக்கப்பெற்றது

1

போன சனிக்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் நாங்கள் இருக்கும் சின்ன ஊரில், தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூட அரங்கை வாடகைக்கு எடுத்து விழா நடத்துவோம். இந்த வருடத்துப் பொன்னாடை எனக்கு வந்ததற்குக் காரணம் 'குவார்ட்டர்ஸ் பொண்ணு'. அது நான் நடத்தும் பக்கத்தின் பெயர். ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் அப்படி வைத்தேன். வேறு குவார்ட்டரை நினைத்துக்கொண்டு உள்ளே வந்து ஏமாந்தவர்களும் உண்டு. அவர்களையும் சேர்த்துப் பின்தொடர்கிறவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள் என்பதுதான் கொண்டாட்டம்.

துண்டைப் போர்த்தியதோடு விடவில்லை, பேசவும் சொன்னார்கள். சமூக ஊடகத்தில் நமக்கென்று ஒரு கூட்டத்தைச் சேர்ப்பது எப்படி என்பது தலைப்பு. நானும் விடுவேனா? தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள், பாடம் நடத்தாதீர்கள், ஊரைப் பற்றிப் பேசினால் குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்க வேண்டும் என்றெல்லாம் அளந்தேன். கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியம் என்று ஒன்றைச் சொன்னேன். "கமென்ட் போடுகிறவர் நம் வாசலில் வந்து கூப்பிடுகிறவர். பதில் சொல்லாமல் கதவைச் சாத்தாதீர்கள். நான் இதுவரை ஒருவருக்குக்கூடப் பதில் போடாமல் விட்டதில்லை." பலமாகக் கைதட்டினார்கள்.

விழா முடிந்து, அரங்கை ஒப்படைப்பதற்காக எல்லோரும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். இங்கே அதுதான் வழக்கம். பொன்னாடை வாங்கியவளுக்கும் மாப் உண்டு. அப்போது ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றார். மகாலட்சுமி என்று பெயர். பட்டாபிராம்காரர், பக்கத்து ஊரில் நர்ஸாக இருக்கிறார்.

"அக்கா, எங்கப்பா தவறினப்ப எனக்கு லீவ் கெடைக்கல, போக முடியல. அன்னிக்கு உங்க பக்கத்துல ஏதோ ஒரு கமென்ட் போட்டேன். நீங்க எவ்ளோ ஆறுதலா எழுதினீங்க! இன்னும் வச்சிருக்கேன். தினம் காலைல அப்பாகிட்ட பேசிட்டுத்தான் காபியே குடிப்பேன்னு சொல்லியிருந்தீங்க இல்ல, அதப் படிச்சப்புறம்தான் நானும் எங்கம்மாவுக்கு தினம் போன் பண்றேன்."

நான் மாப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"அப்பா கண்ணு இப்ப எப்படிக்கா இருக்கு? ஆபரேஷனுக்கு நீங்க போயி கூடவே இருந்தீங்கல்ல, அதுவே பாதி தெம்பு அவருக்கு."

நான் ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததே எனக்குத் தெரியாது.

"நல்லா இருக்கார்," என்றேன்.

2

பக்கம் தொடங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது.

என் கணவர் செந்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த கம்பெனி அவரை இங்கே அனுப்பியது. நான் பின்னால் வந்தேன், இடுப்பில் நிலாவுடன். முதல் வருடம் எனக்கு மொழி இல்லை, வேலை இல்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் கவுன்டர் அம்மாவிடம், 'நீங்கள்' என்பதற்கு ஜெர்மனில் தனிச் சொல் உண்டு என்று தெரியாமல், சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல் 'நீ' போட்டுப் பேசிவிட்டு, எதற்கு முறைக்கிறார் என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். நாளெல்லாம் என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு.

அப்படி ஒரு நாள் போனை எதிரே நிமிர்த்தி வைத்து, கேமராவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். காலேஜுக்குப் போன நாட்களில் லேடீஸ் பெட்டியில் நசுங்கிக்கொண்டு போனது. அண்ணனூர் வரும்போது, ஷெட்டில் வரிசையாக நிற்கும் மின்சார ரயில்களைப் பார்த்து, "அதுங்களுக்குகூட ரெஸ்ட் இருக்குடி" என்று தோழிகள் பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான் விஷயம். அதைத் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்மவர்கள் பார்த்துத் தீர்த்தார்கள்.

பேச்சு மட்டும் போதாது, படம் வேண்டும் என்று டில்லி அண்ணனைப் பிடித்தேன். டில்லி அண்ணன் ஆவடிக்குப் பக்கத்தில் முத்தாபுதுப்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இன்றைக்கு நகர்களாக இருக்கிற இடத்தில் அவர் குடும்பம் நெல் போட்டிருந்தது. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நான் கேட்கிற இடத்துக்குப் போய் வீடியோ எடுத்து அனுப்புவார். அதை வெட்டி ஒட்டி, நான் இங்கிருந்து குரல் கொடுப்பேன்.

"இன்னா தங்கச்சி, பூந்தமல்லில மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட பள்ளம் கீது, தூசி கீது. இத்தப் பாக்க ஆளு கீதா?"

"நீங்க எடுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்."

ஆள் இருந்தது. தூசியைப் பார்த்தே கண் கலங்கினார்கள்.

3

நிலா பள்ளிக்குப் போனதும் எனக்கு ஒரு மழலையர் பள்ளிச் சமையலறையில் வேலை கிடைத்தது. ஊரில் ஜனங்கள் வேலை முடிந்து ரயிலில் உட்கார்ந்து போனை எடுக்கிற நேரத்தில்தான் வீடியோ போட வேண்டும். அந்த நேரத்தில் நான் இங்கே உருளைக்கிழங்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். போட்டவுடன் வருகிற கமென்ட்டுகளுக்குச் சுடச்சுடப் பதில் போடாவிட்டால் வீடியோ எடுபடாது என்று ஒரு ஆன்லைன் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என்ன செய்வது என்று யோசித்தபோது அப்பா ஞாபகம் வந்தார்.

அம்மா போன பிறகு அப்பா முத்தாபுதுப்பேட்டை வீட்டில் தனியாக இருக்கிறார். குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும் முன்பு பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு.

"அப்பா, நீங்க சும்மாதானே இருக்கீங்க. கமென்ட் போடறவங்களுக்கெல்லாம் ஒரு ஹார்ட் மட்டும் போட்டுடுங்க."

சும்மாதானே இருக்கீங்க. இந்த வார்த்தையை நான் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அப்பா ஹார்ட் போடுகிற ஆள் இல்லை. வேலைக்காலம் முழுக்கத் தொழிற்சாலையின் தபால் பிரிவில் இருந்தவர். வந்த கடிதத்துக்குப் பதில் போகாமல் அந்தப் பிரிவின் கதவை மூடக் கூடாது என்பது அவருடைய வேதம். வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைக்குக்கூட, நேரில் போகிற கல்யாணமாகவே இருந்தாலும், ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டுத்தான் போவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அவர் கையில் என் பக்கத்தின் பாஸ்வேர்டு போனது.

யாரோ ஒருவர் 'செம அக்கா' என்று போட்டார். அதற்கு என் பெயரில் போன முதல் பதில்: "தங்கள் கருத்து கிடைக்கப்பெற்றது. மகிழ்ச்சி. தாங்கள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர்?"

ஜனங்கள் நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டார்கள். சிரித்துக்கொண்டே கண்ணீர் விடும் பொம்மையை ஒருவர் வரிசையாகப் போட, அப்பா பதறிப்போய், "தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். மனம் தளர வேண்டாம்" என்று எழுதினார். அது காட்டுத்தீயாகப் பரவியது. அதன் பிறகு, பதில் வாங்குவதற்காகவே கமென்ட் போட ஆரம்பித்தார்கள். 'கிடைக்கப்பெற்றது' என்பது பக்கத்தின் முத்திரை ஆகிவிட்டது. என்னைப் பெரிய நகைச்சுவைக்காரி என்றார்கள். நான் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா கேட்பார். "ஏம்மா, சிரிச்சிக்கிட்டே அழுவுதே அந்தப் பொம்மை, அதுக்கு துக்கம் விசாரிக்கணுமா, வேணாமா?"

"வேணாம்பா, அது சிரிப்பு."

"அப்ப எதுக்கு அழுவுது?"

அப்போது விழுந்து விழுந்து சிரிப்போம். போகப்போக எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஆபீஸ் மீட்டிங் மாதிரி ஆகிவிட்டது. எந்த வீடியோ போனது, எது போகவில்லை, யார் சண்டை போட்டார்கள். சாப்பிட்டீங்களா என்று கேட்பேன். பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். ஞாயிறு தவிர வேறு நாளில் நான் கூப்பிட்டால், பக்கத்தில் ஏதோ சிக்கல் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

4

சென்ற மாதம் ஒரு வாரம் ரீச் படுத்துவிட்டது. எத்தனை பேருக்குப் போய்ச் சேருகிறது என்கிற கணக்கைத்தான் நாங்கள் ரீச் என்போம். அது படுத்தால் எனக்குச் சோறு இறங்காது. திறந்து பார்த்தால், கமென்ட்டுகள் பதில் இல்லாமல் வரிசையாகக் கிடந்தன. வேலை இடைவேளையில், சமையலறைப் பின்வாசலில் நின்றுகொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"என்னப்பா, ஒருத்தருக்குக்கூட பதில் போகல? எல்லாம் போச்சு. இவ்ளோ நாள் கஷ்டப்பட்டது வீணாப் போயிடும்."

"கண்ணு கொஞ்சம் உறுத்துதும்மா. நாளைலேர்ந்து போட்டுடறேன்."

"மறக்காம போடுங்க," என்றேன்.

கண்ணுக்கு என்ன என்று கேட்கவில்லை. உறுத்தல் என்றால் தூசி என்று நினைத்தேன். அந்த ஊர்த் தூசியைப் பற்றி நான்தானே அழகழகாகப் பேசி வீடியோ போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளே பதில்கள் போக ஆரம்பித்தன. ரீச் எழுந்து உட்கார்ந்தது. எனக்கும் சோறு இறங்கியது.

5

விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் டில்லி அண்ணனைக் கூப்பிட்டேன். ஊரில் அவர் கடையை மூடிக்கொண்டிருந்த நேரம்.

"உனுக்குத் தெரியாதா?" என்றார். ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. "ஆப்ரேசன் ஆயி ஒரு மாசமாவப் போவுது தங்கச்சி. அம்பத்தூராண்ட ஒரு கண்ணாஸ்பத்திரில. நாந்தான் வண்டில இட்டுகினு போனேன். நா பொண்ணுகிட்ட சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காதன்னாரு."

"ஏண்ணா நீங்களாவது..."

"இன்னாத்த சொல்றது? கண்ணுல கட்டு போட்டுகினு ஊட்ல படுத்துங்கீறாரு. மறுநாளு போறேன், ஒத்தக் கண்ணாண்ட போன வச்சிகினு தேய்ச்சிகினு கீறாரு. இன்னா நைனா, டாக்டரு போன தொடக்கூடாதுன்னு சொல்லிக்கிறாரேன்னு கேட்டா, 'இல்லடா, பொண்ணு பயந்துட்டுது, ரீச் போய்டும்'ன்றாரு. ரீச்சுன்னா இன்னான்னு எனக்கே சரியாத் தெரியாது தங்கச்சி."

அவரே மறுபடியும் பேசினார்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. மார்க்கெட்டு வீடியோ எடுத்து அனுப்பினேனே, அதுல கருப்புக் கண்ணாடி போட்டுகினு முருங்கக்கா வாங்கிகினு நிக்கறாரே, நீ பாக்கலியா? நீ பாத்துட்டு கேப்பேன்னுதான் நானு வேணும்னே அந்தாண்ட கேமராவ காட்டினேன்."

அந்த வீடியோவை நான் வெட்டியிருக்கிறேன். எங்கே இசை ஏற வேண்டும், எங்கே என் குரல் வர வேண்டும் என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். முருங்கைக்காய்க் கடையோரத்தில், வெள்ளைச் சட்டையில், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பெரிய கருப்புக் கண்ணாடியோடு அப்பா நிற்கிறார். ஒரு கையால் கடையின் கட்டையைப் பிடித்திருக்கிறார். அந்த இடத்தில் என் குரல், "எங்க ஊர் மார்க்கெட்ல ஒவ்வொரு முகமும் எனக்குத் தெரியும்" என்கிறது.

கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "ஓரத்துல நிக்கறது உங்க அப்பாவா? கண்ணுக்கு என்னாச்சு?" அப்பாவின் பிறந்தநாளுக்கு எப்போதோ நான் போட்ட படத்தை ஞாபகம் வைத்திருக்கிறார், முகம் தெரியாத அந்த மனிதர். அதற்கு என் பெயரில் பதில்: "தங்கள் கருத்து கிடைக்கப்பெற்றது. ஆம், அப்பாதான். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் நேரில் வந்து கூடவே இருந்து கவனித்துக்கொண்டேன்."

6

இரண்டு நாளாக வேலைக்குப் போகும் ரயிலில் என் பக்கத்தையே நான் படிக்கிறேன். இதுவரை எண்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பரீட்சை எழுதப்போகும் பெண்ணுக்கு வாழ்த்து சொல்லி, ஒரு மாதம் கழித்து, மார்க் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். குவைத்தில் தனியாக இருக்கிறவரிடம் ரசம் வைக்கத் தெரியுமா என்று விசாரித்திருக்கிறார். ஆபரேஷனுக்கு வெகு முன்பே ஒருவர் மட்டும் காட்டமாகக் கேட்டிருந்தார்: "அப்பாவைத் தனியா விட்டுட்டு அங்க உக்காந்து எங்களுக்கு ஊர்ப்பாசம் சொல்லித் தர்றீங்களா?"

அதற்கு அப்பா: "தங்கள் கருத்து கிடைக்கப்பெற்றது. கேள்வி நியாயமானது. ஆனால் தினமும் காலையில் அப்பாவிடம் பேசிவிட்டுத்தான் நான் காபி குடிப்பேன். அவருக்கு ஒரு குறையும் இல்லை. விசா அட்டை வந்ததும் வந்துவிடுவேன்."

இப்படி எத்தனையோ. நான் கேட்காததையெல்லாம் கேட்டதாகவும், போகாத இடத்துக்கெல்லாம் போனதாகவும் எழுதி, என்னை ஒரு நல்ல மகளாக அப்பா உண்டாக்கி வைத்திருக்கிறார். லட்சம் பேர் பின்தொடர்வது அவளைத்தான். எனக்கு அவளைப் பார்த்துப் பொறாமையாகக்கூட இருந்தது.

விசா அட்டை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். புதுப்பிக்கக் கொடுத்து, அலுவலகம் இழுத்தடித்தது உண்மை. ஒரு தாள் குறைகிறது என்பார்கள், கொண்டுபோனால் கைரேகை சரியாக விழவில்லை என்பார்கள். அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது சிரமம். அதனால், "கார்டு வரட்டும்பா" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அட்டை வந்து பல வாரங்கள் ஆகின்றன. சமையலறை இழுப்பறையில் மஞ்சள் தூள் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் போக வேண்டும். போனால் லீவு, நிலாவின் பள்ளி, தினமும் போட வேண்டிய வீடியோ என்று எல்லாம் குலையும். இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

நேற்று மாலை நான் போனில் அப்பா நிற்கும் அந்த வீடியோவை வைத்துக்கொண்டு அழுவதை நிலா பார்த்துவிட்டாள். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. கேமரா முன்னால் வர மாட்டேன் என்று எப்போதோ சொல்லிவிட்டாள். அவள் பள்ளியில், கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தமிழ் புரியும், பேசும்போது பாதி ஜெர்மன் கலந்துவிடும். மரியாதை விகுதி மட்டும் இன்னும் வரவில்லை.

"தாத்தா என்ன சொன்னான்?"

"சொன்னார்னு சொல்லு. தாத்தாதான் அம்மா பக்கத்துல எல்லாருக்கும் பதில் எழுதறாரு. அதப் படிச்சேன்."

அவள் யோசித்தாள். "தாத்தா உனக்கு வேலை செய்றானா?"

இந்த முறை நான் விகுதியைத் திருத்தவில்லை.

7

இன்று புதன்கிழமை. காலையில் முதல் வேலையாக டிக்கெட் போட்டேன். நிலாவுக்கும் எனக்கும், அடுத்த வாரத்துக்கே. மூன்று வாரத்துக்கு வீடியோ இல்லை. மழலையர் பள்ளியில் லீவு கேட்டபோது, என்ன காரணம் என்று கேட்டார்கள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றேன். எப்போது என்றார்கள். போன மாதம் என்றேன்.

அப்பாவிடம் கண்ணைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால், எல்லாவற்றையும் நான் படித்துவிட்டேன் என்று தெரிந்துபோகும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டதாகக் கூனிக்குறுகிவிடுவார். பொய்யை எனக்காகச் சொன்னார் என்பதைப் பேசும் தைரியமும் எனக்கு இல்லை. ஜெர்மன் வகுப்புக்காகத் திறந்த இன்னொரு கணக்கு என்னிடம் இருக்கிறது. அதில் என் படம் இல்லை, பெயரும் நான் இட்டுக்கட்டிய வேறு ஒரு பெண்ணின் பெயர். அதிலிருந்து என் பக்கத்துக்கே போய் ஒரு கமென்ட் போட்டேன்: "அப்பாவுக்குக் கண் இப்போது எப்படி இருக்கிறது?"

போட்டுவிட்டு, டிக்கெட் விஷயத்தைச் சொல்ல அப்பாவைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா, இந்த நேரத்துல? இரு, இரு, லைன்லயே இரு. ஒரு பொண்ணு கமென்ட் போட்டிருக்கு. அதுக்கு ஒரு வரி போட்டுட்டு வந்துடறேன்."

ஸ்பீக்கரில் போட்டுவிட்டார் போலிருக்கிறது. மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே தட்டுவது கேட்டது. என் போனில் பதில் வந்து விழுந்தது.

"தங்கள் கருத்து கிடைக்கப்பெற்றது. விசாரித்தமைக்கு நன்றி. அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. சொட்டு மருந்து நான்தான் விடுகிறேன்."

"ஆச்சு," என்றார் அப்பா. "யாரோ தெரியலம்மா. நல்ல பொண்ணு. வீடியோவப் பத்தி ஒண்ணும் கேக்கல, அப்பாவப் பத்தி மட்டும் கேட்டிருக்கு."

நான் அந்தப் பதிலை இன்னொரு முறை படித்தேன்.

"நீ எதுக்கும்மா கூப்பிட்டே? ரீச் எதுனா கொறஞ்சிடுச்சா?"